85 சதவீதப் படம்: நலக்குழுக்கள் சட்டத்தின் எந்த இடத்தில் கை வைக்கின்றன?

கேள்வி இது: "சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஆளை அனுப்புவது நாம். ஆனால் சட்டம் யாருக்குச் சாதகமாக வர வேண்டும் என்பதை வியாபாரிகள் சங்கமும் தொழிலதிபர் கூட்டமைப்பும் சாதிச் சங்கமும்தான் முடிவு செய்கின்றன என்கிறார்கள். அது எப்படி நடக்கிறது? சாதாரண மக்கள் அதில் ஏதாவது செய்ய முடியுமா?"

முடியும். ஆனால் நேரம் தெரிந்து போக வேண்டும். ஒரு குழுவின் ஆள்பலம், பணபலம், கோரிக்கையின் நியாயம் எல்லாமே கணக்கில் வருபவைதான். அவற்றைவிடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது, அந்தக் குழு எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது என்பது. பானை பச்சை மண்ணாக இருக்கும்போது கை வைத்தவருக்கு அது வளைந்து கொடுக்கும். சூளையில் வெந்த பிறகு வருபவரால் அதை உடைக்க மட்டுமே முடியும். இந்தியாவில் பணமும் அமைப்பும் உள்ள குழுக்கள் பச்சை மண் கட்டத்திலேயே உள்ளே இருக்கின்றன. விவசாயி, நெசவாளி, நோயாளி, நுகர்வோர் எல்லோரும் பானை வெந்த பிறகுதான் தெருவுக்கு வருகிறார்கள்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரே நலன் உள்ளவர்கள் சேர்ந்தால் அது நலக்குழு. அந்த நலனுக்காக அரசை நெருக்கத் தொடங்கினால் அதுவே அழுத்தக் குழு. தேர்தலில் நின்று ஆட்சியைப் பிடிக்க முயன்றால் கட்சி. அரசியல் அறிஞர் கேப்ரியல் ஆல்மண்ட் இக்குழுக்களை நான்காகப் பிரித்தார். சந்தாவும் பதிவும் உள்ள சங்கங்கள் ஒரு வகை. சாதி, மதம், மொழி என்று பிறப்பால் அமையும் பிணைப்புகள் இன்னொரு வகை. அரசுக்குள்ளேயே இருக்கும் அதிகாரிகளும் துறைகளும் மூன்றாவது. திடீரென்று திரண்டு கலையும் கூட்டம் நான்காவது. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியது இந்த நான்காவது வகை. சில நாட்களில் அவசரச் சட்டம் வந்துவிட்டது. தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இந்த வகைப்பாடு போதும். நடைமுறையைப் புரிந்துகொள்ள ஒரு சட்டத்தின் வழித்தடத்தைப் பார்க்க வேண்டும்.

நாடாளுமன்றம் நிறைவேற்றும் சட்டம் பெரும்பாலும் எலும்புக்கூடுதான். எவ்வளவு அளவு, எந்தத் தேதி, எவ்வளவு கட்டணம், யாருக்கு விலக்கு என்ற சதையெல்லாம் பிறகு அமைச்சகம் எழுதும் விதிகளில்தான் வரும். பத்திரிகைகள் மசோதாவைப் பற்றி எழுதும், விதிகளைப் பற்றி அபூர்வமாகவே எழுதும். அதனால் அழுத்தம் அங்கேதான் அதிகம் வேலை செய்கிறது. இதற்கு எனக்குத் தெரிந்தவற்றில் மிகத் தெளிவான உதாரணம் சிகரெட், பீடிப் பெட்டியின் மேலுள்ள எச்சரிக்கைப் படம்.

புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003-இல் வந்தது. பெட்டியில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்றது சட்டம். மண்டையோட்டுச் சின்னத்தையும் கேட்டது. அளவு என்ன, வேறு படம் என்ன என்பதை விதிகளுக்கு விட்டது. முதல் விதிகள் 2006-இல் வெளியாயின. அவற்றின்படி பெட்டியின் இரு பக்கத்திலும் பாதி இடத்தை எச்சரிக்கை பிடிக்க வேண்டும், மண்டையோட்டுச் சின்னமும் இருக்க வேண்டும். பிறகு தேதி தள்ளிக்கொண்டே போனது. 2007-இல் சட்டத்தைத் திருத்தி மண்டையோட்டை எடுத்தார்கள். பின்பக்கம் போனது. கடைசியில் 2009 மே 31 முதல் நடைமுறைக்கு வந்தது முன்பக்கத்தில் மட்டும் 40 சதவீதம். மண்டையோட்டைத் தவிர மற்றதெல்லாம், நாடாளுமன்றத்தில் ஓட்டுக்கே வராமல், விதிகளிலேயே மாறி, எச்சரிக்கையின் அளவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையை 2004-இலேயே ஏற்றுக்கொண்ட நாடு இது. பொதுச் சுகாதாரக் கொள்கையைப் புகையிலைத் தொழிலின் வணிக நலனிலிருந்து காக்க வேண்டும் என்று அந்த உடன்படிக்கையின் ஐந்தாவது பிரிவே சொல்கிறது.

அடுத்த சுற்று 2014-இல். அந்த ஆண்டு அக்டோபர் 15 அன்று சுகாதார அமைச்சகம் அளவை 85 சதவீதமாக்கி அறிவித்தது. இரு பக்கமும், 60 சதவீதம் படம், 25 சதவீதம் எழுத்து, 2015 ஏப்ரல் 1 முதல். இனி என்ன நடந்தது என்பதைப் படிப்படியாகக் கவனிக்க வேண்டும்.

அரசு எழுதும் விதிகளைச் சரிபார்க்க மக்களவையில் ஒரு குழு உண்டு, சார்நிலைச் சட்டங்களுக்கான குழு. புகையிலைத் தரப்பு தன் முறையீட்டை அங்கே கொண்டுபோனது. குழுவின் தலைவர் அப்போது மகாராஷ்டிரத்து எம்.பி. திலீப் காந்தி. புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவும் இந்திய ஆய்வு எதுவும் இல்லை என்று அவர் பொதுவெளியில் சொன்னார். குழு உறுப்பினர்களில் ஒருவரான அலகாபாத் எம்.பி. சியாமா சரண் குப்தா பீடித் தொழில் நடத்துபவர். விதியை நிறுத்திவைக்கச் சொல்லி 2015 மார்ச்சில் குழு பரிந்துரைத்தது. நடைமுறைக்கு வர இருந்த நாளுக்குச் சற்று முன்னால் அரசும் நிறுத்திவைத்தது.

கம்பெனிகள் பெரும்பாலும் முன்னால் வரவில்லை. முன்னால் நிறுத்தப்பட்டவர்கள் புகையிலை விவசாயிகளும் பீடி சுற்றுபவர்களும். இது உலகம் முழுக்கப் பழகிய முறை. கேட்பவர் மனம் இளகும் முகம் முன்னால் நிற்கும், கணக்குப் பின்னால் இருக்கும். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களின் வருமானம் உண்மையான கவலைதான். ஆனால் அவர்களுக்காகப் பேசுவதாகச் சொன்னவர்கள் கேட்டது சிறிய படம். சுற்றுக் கூலியை உயர்த்துவதும் வேறு வேலைக்கு வழி செய்வதும் அந்த வாதத்தின் மையத்தில் இருக்கவில்லை. ஒரு குழு யாருடைய பெயரைச் சொல்கிறது, எதைக் கேட்கிறது என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே அது யாருக்காக வேலை செய்கிறது என்பது தெரிந்துவிடும்.

மறுபக்கத்தில் புற்றுநோய் மருத்துவர்களும் சுகாதார அமைப்புகளும் இருந்தார்கள். அவர்கள் போனது நீதிமன்றத்துக்கு. 2015 ஜூலையில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அந்த ஒத்திவைப்பைத் தடுத்தது. செப்டம்பரில் அமைச்சகம் புதிய தேதி குறித்தது: 2016 ஏப்ரல் 1. நாள் நெருங்கியபோது, 2016 மார்ச்சில், அதே குழு 50 சதவீதம் போதும் என்று இறுதி அறிக்கை கொடுத்தது. இந்த முறை அரசு பின்வாங்கவில்லை. பெரிய சிகரெட் கம்பெனிகள் ஏப்ரல் 1 முதல் ஆலைகளை நிறுத்தின. மே மாதம் உச்ச நீதிமன்றம் விதியைப் பின்பற்றச் சொன்னது, நாடெங்கும் இருந்த வழக்குகளைக் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. 2017 டிசம்பரில் அந்த நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. 2018 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. பெட்டியில் 85 சதவீதம் நிலைத்தது.

இத்தனை திருப்பங்களில் எதுவும் தேர்தல் மேடைக்கு வரவில்லை. ஒரு ஓட்டும் இதற்காக மாறியிருக்காது. அதுவேதான் இது எளிதாக நடந்ததற்கும் காரணம். பொருளியலாளர் மன்கர் ஓல்சன் 1965-லேயே இதை விளக்கினார். ஆதாயம் சிலரிடம் குவிந்து, செலவு கோடிப் பேருக்குச் சிதறும்போது அந்தச் சிலர் அமைப்பாவார்கள், கோடிப் பேர் ஆகமாட்டார்கள். படம் பெரிதானால் கம்பெனிக்குப் பெரும் நட்டம், ஆகவே வக்கீலும் ஆய்வறிக்கையும் தில்லியில் ஆளும் வைக்கும். சிறிதானால் நட்டம் இன்னும் புகைக்கத் தொடங்காத ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு. அவன் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் அல்ல. அதோடு, சங்கம் வாங்கித் தரும் பயன் சந்தா கட்டாதவருக்கும் கிடைத்துவிடும் என்பதால், "மற்றவர் பார்த்துக்கொள்வார்" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பெரிய கூட்டத்தின் சங்கம் பலவீனமாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். நீண்ட நாள் நிற்கும் சங்கங்கள் உறுப்பினருக்கு மட்டும் கிடைக்கும் ஏதாவது ஒன்றை வைத்திருக்கும்: அடையாள அட்டை, காப்பீடு, வழக்கு உதவி, கடை வாடகைத் தகராறில் வந்து நிற்க ஆள்.

வரைவுக் கட்டம் என்று பல இடங்களில் சட்டமே ஒன்றை வைத்திருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. 1897-ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டம், 23-ஆவது பிரிவு: முன்கூட்டியே வெளியிட்ட பிறகுதான் விதி செய்ய வேண்டும் என்று, விதி எழுத அதிகாரம் தரும் தாய்ச் சட்டம் சொல்லியிருந்தால், அரசு வரைவை அரசிதழில் போட்டு, ஒரு தேதி குறித்து, அதற்குள் வரும் ஆட்சேபணைகளைப் பரிசீலிக்க வேண்டும். பல துறைகளில் இது 30 நாள், சுற்றுச்சூழல் அறிவிக்கைகளுக்கு 60 நாள். மசோதாக்களுக்கு 2014 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு கொள்கை வகுத்தது. வரைவையும் விளக்கக் குறிப்பையும் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் வெளியிட வேண்டும் என்பது அது. ஆனால் சட்டபூர்வக் கட்டாயம் இல்லை, அதனால் பல மசோதாக்கள் அதைத் தாண்டிப் போய்விடுகின்றன. மசோதாவை விரிவாக அலசும் எம்.பி.க்களின் நாடாளுமன்ற நிலைக்குழுவும் இப்படியே. 15-ஆவது மக்களவையில் சுமார் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17-ஆவதில் அது சுமார் 16 சதவீதம். பொதுமக்கள் நுழையக்கூடிய வாசல் இவ்வளவு சுருங்கிவிட்டது. அமைச்சரை நேரில் பார்க்க முடிந்தவர்களுக்கு இதனால் நட்டம் எதுவும் இல்லை.

மொழி இன்னொரு சுவர். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தது. சுரங்கத்தாலும் ஆலையாலும் நிலத்தை இழக்கப்போகிறவர் படிக்க முடியாத மொழியில் அவரிடம் ஆட்சேபணை கேட்டார்கள். தில்லி உயர் நீதிமன்றம் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி, காலக்கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. பத்து லட்சத்துக்கும் மேல் கருத்துகள் குவிந்தன. அந்த வரைவு அந்த வடிவில் இறுதியாகவில்லை. வரைவு ஆங்கிலத்தில் வந்தால் அதைத் தமிழில் கேட்டு எழுதுவதே ஒரு முழுமையான முதல் ஆட்சேபணை என்பதை இந்த வழக்கு காட்டுகிறது.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு ஒரு பாடமும் உண்டு. எல்லா இணையச் சேவைகளையும் சமமாக நடத்த வேண்டும் என்ற இணையச் சமவாய்ப்பு விவகாரத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய் 2015 மார்ச்சில் கருத்துக் கேட்டபோது, தன்னார்வலர்கள் கேள்விவாரியாகப் பதில் தயாரித்துப் பரப்பி, பத்து லட்சம் மின்னஞ்சல்களை அனுப்ப வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வெவ்வேறு இணையச் சேவைக்கு வெவ்வேறு கட்டணம் வைக்கலாமா என்று டிராய் நான்கு கேள்விகள் கேட்டது. ஃபேஸ்புக் தன் பயனர்களைக் கொண்டு லட்சக்கணக்கில் ஒரே மாதிரி மின்னஞ்சல் அனுப்ப வைத்தது. அவை, சில இணையதளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் அந்நிறுவனத்தின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்தை ஆதரித்தன, நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை. டிராய் அதை வெளிப்படையாகவே கண்டித்து எழுதியது. 2016 பிப்ரவரி 8 அன்று பாகுபாட்டுக் கட்டணத்தைத் தடை செய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சமாக 50 லட்சம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத மனு எத்தனை லட்சம் பிரதியாக வந்தாலும் ஒரே மனுதான்.

இனி தமிழ்நாட்டில் எல்லோருக்கும் கை எட்டும் ஓர் இடம்: மின்கட்டணம். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 64-இன்படி மின் நிறுவனம் கட்டண மனுவைச் சுருக்கமாக வெளியிட வேண்டும். பொதுமக்களின் ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பிறகே ஒழுங்குமுறை ஆணையம் 120 நாளுக்குள் ஆணை போட வேண்டும். ஆணையின் உள்ளே ஒவ்வொரு ஆட்சேபணையின் சுருக்கமும், மின் நிறுவனத்தின் பதிலும், ஆணையத்தின் கருத்தும் இருக்கும். முந்தைய ஆணைகளைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். "கட்டணத்தை உயர்த்த வேண்டாம், மக்கள் கஷ்டப்படுகிறார்கள்" என்ற மனுக்களுக்குக் கூட்டாக ஒரே வரியில் பதில் முடிந்துவிடும். மின் கொள்முதல் விலை, பாதையிழப்பு சதவீதம், வட்டிச் செலவு என்று மனுவின் பக்க எண்ணையும் அட்டவணை எண்ணையும் சொல்லி, "இந்த இழப்பை ஏன் நுகர்வோர் தலையில் வைக்கிறீர்கள்?" என்று கேட்ட மனுவுக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டியிருக்கும். தொழில் சங்கங்கள் இப்படித்தான் எழுதுகின்றன, அதற்கென்று கணக்காளரை வைத்திருக்கின்றன. ஆணை பாதகமாக வந்தால் 45 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அங்கே, ஆணையத்தின் முன் எழுப்பாத வாதத்தைப் புதிதாக எழுப்புவது கடினம். எழுத்தில் வைக்காமல், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மைக்கில் மட்டும் பேசிவிட்டு வருபவர்கள் தோற்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஆனால் கட்டணக் குறைப்பு என்பது வேறு, நிவாரணம் என்பது வேறு. பலர் இரண்டையும் குழப்பித் தவறான வாசலில் நிற்கிறார்கள். ஆணையம் செலவுக் கணக்கைப் பார்க்கும். ஏழைக்கு இரங்குவது அதன் வேலை அல்ல. அரசு யாருக்காவது மானியம் கொடுக்க விரும்பினால் அதே சட்டத்தின் பிரிவு 65-இன்படி அந்தத் தொகையை மின் நிறுவனத்துக்கு முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆகவே "செலவைப் பெருக்கிக் காட்டியிருக்கிறார்கள்" என்பது ஆணையத்துக்கான வாதம். "எங்களால் கட்ட முடியாது" என்பது மின்துறை, நிதித்துறை, முதல்வர் அலுவலகம் ஆகியவற்றுக்கான வாதம். விசைத்தறியாளர்கள் இரண்டாவது வழியில் போனார்கள். 2023 மார்ச்சில் இரு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 1,000 யூனிட்டானது.

இந்த வழியை முதலில் போட்டது கோவை வட்டாரத்து விவசாயிகள். 1970-களின் தொடக்கத்தில் பம்புசெட் மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லி சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் போராடினார்கள். 1972-இல் மாட்டுவண்டிகள் கோவை நகரை முடக்கின. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சங்கம் கட்சி சாராமல் இருந்தது, ஆகவே எல்லாக் கட்சிகளும் அதன் ஓட்டுக்குப் பயந்தன. 1982-இல் அது கட்சியானது. அன்றிலிருந்து அதன் பலம் கரைந்தது. தி.மு.க.காரரும் அ.தி.மு.க.காரரும் ஒரே வண்டியில் வந்து நின்ற சங்கத்தில், தேர்தல் வந்ததும் அவரவர் கட்சிக்குப் போனார்கள். 1984 டிசம்பரில் நாயுடு இறந்தார். ஆனால் கோரிக்கை சாகவில்லை. சிறு விவசாயிகளுக்கு எம்.ஜி.ஆர். அரசு இலவச மின்சாரம் கொடுத்தது. 1989-இல் வந்த கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் விரித்தது. சங்கம் தோற்ற பிறகு அதன் கோரிக்கை வென்ற விசித்திரம் இது. போட்டியில் இருந்த இரண்டு பெரிய கட்சிகளும் அந்த ஓட்டை மறக்கவில்லை.

வன்னியர் சங்கத்தின் கதை வேறு. 1987 செப்டம்பரில் ஒருவாரச் சாலை மறியல், 21 பேர் பலி. 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு வந்தது, அதே ஆண்டு சங்கத்திலிருந்து பாட்டாளி மக்கள் கட்சி பிறந்தது, தாக்குப் பிடித்தது. காரணம், வன்னியர் ஓட்டு வட மாவட்டங்களில் தொகுதி தொகுதியாகக் குவிந்திருக்கிறது. விவசாயி என்ற அடையாளம் மாநிலம் முழுக்கச் சிதறியிருக்கிறது, அதன் மேல் சாதியும் கட்சியும் ஏறி நிற்கின்றன. ஆனால் கட்சியான பிறகு கூட்டணிப் பேரத்தில் வாங்கியது நீதிமன்றத்தில் நிற்குமா என்பது தனிக் கேள்வி. 2021 தேர்தல் அறிவிப்புக்குச் சற்று முன்னால் வந்த 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. புதிய தரவு இல்லாமல் பிரித்ததே முக்கியக் குறை. கோரிக்கை எவ்வளவு பழையதானாலும், அவசரத்தில் வாங்கிய சட்டத்தில் தரவு இல்லையென்றால் அது வழக்கில் நிற்பதில்லை.

வெந்த பானையை உடைத்ததற்கு அண்மைய பெரிய உதாரணம் மூன்று வேளாண் சட்டங்கள். 2020 ஜூன் 5 அன்று அவசரச் சட்டமாக வந்தன. முன் ஆலோசனை இல்லை. செப்டம்பரில் நிலைக்குழுவுக்குப் போகாமலே நிறைவேறின. நவம்பர் 26 முதல் பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேச விவசாயிகள் தில்லி எல்லையில் உட்கார்ந்தார்கள். பதினொரு சுற்றுப் பேச்சு நடந்தது. சட்டத்தை ஒன்றரை ஆண்டு நிறுத்திவைக்கிறோம் என்ற அரசின் யோசனையையும் சங்கங்கள் ஏற்கவில்லை. ஓராண்டுக்கு மேல் தாங்க முடிந்ததற்குக் காரணம் உணர்ச்சி மட்டுமல்ல. பஞ்சாபில் ஊர்தோறும் கிளை உள்ள சங்கங்கள் இருந்தன, குருத்வாராவின் இலவசப் பொதுச் சமையலான லங்கர் இருந்தது, ஊருக்கு இத்தனை டிராக்டர் என்று சுழற்சி முறை இருந்தது. மண்டியில் அரசு கொள்முதலின்போது கமிஷன் வாங்கும் ஆர்த்தியா தரகர்களின் நலனும் அதே பக்கம் நின்றது. எல்லா விவசாயச் சங்கமும் எதிர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்து ஷேத்காரி சங்கடனா சட்டங்களை ஆதரித்தது. அதன் அனில் கன்வட் உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவில் இருந்தார். 2021 நவம்பர் 19 அன்று பிரதமர் வாபஸ் அறிவித்தார், 29 அன்று ரத்து மசோதா நிறைவேறியது. போராட்டத்தில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது சங்கங்களின் கணக்கு. இத்தனை விலை கொடுத்தும், கூடவே கேட்ட குறைந்தபட்ச ஆதரவு விலைச் சட்டம் வரவில்லை, 2022 ஜூலையில் ஒரு குழு மட்டும் வந்தது. தெரு ஒரு சட்டத்தை நிறுத்த முடியும். புதிய சட்டத்தை எழுத வேறு வேலை வேண்டும்.

அந்த வேறு வேலையைச் செய்து காட்டியது ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு. 1990 மே 1 அன்று தொடங்கியது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோருடன் ஊர்க்காரர்கள் சேர்ந்து அமைத்தது. பிரச்சினை, நிவாரணப் பணிகளில் குறைந்தபட்சக் கூலி கிடைக்காதது. எங்கே போனாலும் "பதிவேட்டில் உன் வேலை இவ்வளவுதான்" என்ற பதில். ஆகவே கோரிக்கையைக் கூர்மையாகச் சுருக்கினார்கள்: கூலிப் பதிவேடு, பில், ரசீது, இவற்றின் நகல் வேண்டும். 1994 இறுதியிலிருந்து ஊர் நடுவே பந்தல் போட்டு அந்தத் தாள்களை உரக்க வாசித்தார்கள். செத்தவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் சிமெண்ட் எல்லாம் வெளிவந்தன. 1996-இல் ராஜஸ்தானின் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. அதே ஆண்டு தேசிய அளவில் ஒரு கூட்டியக்கம் அமைந்தது, பிரஸ் கவுன்சிலின் நீதிபதி பி.பி. சாவந்த் வழியாக ஒரு மாதிரி மசோதாவும் தயாரானது. 1997-இல் தமிழ்நாடு முதல் மாநிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது, விலக்குகள் நிறைந்த பலவீனமான சட்டம். 2002-இல் மத்தியச் சட்டம் நிறைவேறியும் நடைமுறைக்கு வரவேயில்லை. 2004-இல் ஆட்சி மாறி தேசிய ஆலோசனைக் குழு அமைந்தபோது அருணா ராய் அதில் இருந்தார், கையில் திருத்தங்களோடு வரைவும் இருந்தது. 2005 அக்டோபர் 12 முதல் தகவல் உரிமைச் சட்டம். வாசல் சில மாதமே திறந்திருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பே வரைவு எழுதி வைத்திருந்ததால்தான் அதற்குள் நுழைய முடிந்தது.

பணம் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. 2017 வரை ஒரு கம்பெனி தன் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குத் தர முடியாது. அந்த வரம்பு அந்த ஆண்டு நீங்கியது. 2018-இல் தேர்தல் பத்திரம் வந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்வதற்குள் சுமார் 16,518 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் விற்றிருந்தன. நன்கொடை கொடுத்ததாலேயே சலுகை வாங்கினார் என்று ஆகிவிடாது. ஆனால் கொடுத்தவர் பெயரே மறைந்திருந்தால், கொடுத்த தேதியையும் அரசாணைத் தேதியையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வழியே அடைபட்டுவிடுகிறது. நான் இதை ஜனநாயகத்துக்குச் செய்த நேரடிக் காயமாகவே கருதுகிறேன். அரசை நெருக்கிக் காரியம் சாதிக்கும் லாபி வேலைக்கு இந்தியாவில் பதிவுச் சட்டம் கிடையாது. 2013-இல் எம்.பி. காளிகேஷ் நாராயண் சிங் தேவ் தனிநபர் மசோதா ஒன்று கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு வால்மார்ட் இந்தியச் சந்தைக்காகவும் லாபி செய்தது என்று நம் நாடாளுமன்றம் கொந்தளித்ததே, அந்தத் தகவல் வந்தது அமெரிக்காவில் அந்நிறுவனம் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்ய வேண்டிய கணக்கிலிருந்து. இங்கே கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

இனி ஒரு சிறு குழு நாளைக்கே தொடங்க வேண்டுமென்றால். தமிழ்நாட்டில் ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதியலாம். பதிந்த பிறகு ஆண்டுப் பொதுக்குழுவும் மாவட்டப் பதிவாளருக்கு ஆண்டுக் கணக்கும் தவறக்கூடாது. தவறினால், முக்கியமான நேரத்தில் "நீங்கள் நிர்வாகியே இல்லை" என்று எதிர்த்தரப்பு கிளப்பும். வெளிநாட்டு நன்கொடை பக்கம் போவதானால் அதற்கான வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள். பொது நோக்கத்துக்காக பந்த், மறியல் நடத்துவதை மட்டும் வைத்து ஓர் அமைப்பை அரசியல் அமைப்பு என்று ஒதுக்கக்கூடாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனாலும் அந்தச் சட்டத்தின் மற்ற நிபந்தனைகள் கடுமையானவை.

வரைவு விதி வந்ததும் அரசிதழில் வெளியான தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நாள் எண்ணப்படுவது பொதுமக்களுக்குப் பிரதி கிடைக்கும் தேதியிலிருந்து. வரைவிலேயே எந்த அதிகாரிக்கு எந்த முகவரியில் அனுப்ப வேண்டும் என்று இருக்கும். அதற்குத்தான் அனுப்ப வேண்டும், அமைச்சருக்கு அனுப்பியது கணக்கில் வராமல் போகலாம். மனு மூன்று பக்கத்துக்குள் இருக்கட்டும். விதி எண், இப்போதுள்ள சொற்கள், அதற்குப் பதிலாக நீங்கள் கேட்கும் சொற்கள், காரணம், ஆதாரத் தாள், இந்த வரிசையில். மாற்றுச் சொற்களை நீங்களே எழுதித் தராவிட்டால், எழுதித் தந்த வேறொருவரின் சொற்கள்தான் கோப்பில் ஏறும். பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் இரண்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

நிலைக்குழு கருத்துக் கேட்டு விளம்பரம் செய்தால் அவகாசம் பெரும்பாலும் 15 நாள்தான். நேரில் பேச விரும்பினால் அதை மனுவிலேயே எழுத வேண்டும். இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. குழுவுக்குக் கொடுத்த மனு குழுவின் இரகசிய ஆவணமாகிவிடும். அதை உடனே பத்திரிகைக்குக் கொடுத்தால் நாடாளுமன்ற உரிமை மீறல் ஆகலாம். ஊடகத்துக்கு வேறு குறிப்பைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இறுதி அறிவிக்கை வந்ததும் வரைவோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மாறிய இடம் எது, அதை யார் கேட்டார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, வந்த ஆட்சேபணைகளின் நகலும் கோப்புக் குறிப்புகளும் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். உங்கள் மனுவைப் பரிசீலித்த தடமே கோப்பில் இல்லையென்றால் அதுவே உயர் நீதிமன்ற வழக்குக்கு வலுவான அடிப்படை. அதோடு, மத்திய விதிகள் எல்லாம் இரு அவைகளின் மேசையிலும் வைக்கப்பட வேண்டியவை, அவற்றைச் சார்நிலைச் சட்டக் குழு பார்க்கும். 2015-இல் புகையிலைத் தரப்பு தட்டிய அதே குழுதான். உங்கள் தொகுதி எம்.பி. அதில் உறுப்பினரா என்று மக்களவை இணையதளத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். இல்லையென்றாலும் குழுவின் செயலகத்துக்கு மனு அனுப்ப யாருக்கும் தடையில்லை.